மலையில் பூட்டிய வீடு: கேமராவா, அலாரமா, காவலாளா, பக்கத்து வீட்டு ஆணியா?

எங்கள் வீட்டுச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு மரப்பலகை இருக்கிறது. அதில் ஏழு ஆணி, ஏழு சாவிக்கொத்து. ஒன்றுகூட என்னுடையது இல்லை. கோத்தகிரியிலும் அரவேணுப் பக்கமும் வீடு வைத்துக்கொண்டு கோவையிலும் சென்னையிலும் பெங்களூரிலும் வாழ்கிறவர்கள் கொடுத்து வைத்தவை. தபால் துறையில் 31 வருடம் இருந்தவனிடம் சாவி கொடுத்தால் பத்திரமாக இருக்கும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள்.

சீசன் முடிந்து கீழே இறங்கும்போது இவர்கள் கேட்பது ஒரே கேள்விதான். "சார், கேமரா போட்டுடலாமா? இல்ல அலாரம் கம்பெனிக்கு வருஷா வருஷம் பணம் கட்டலாமா? இல்ல இதெல்லாம் வெட்டிச் செலவா?" கார் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் இதில் நடுநிலையானவன் இல்லை. இந்தக் கருவிகள் கத்தினால் ராத்திரியில் எழுந்து போகிறவன் நான். காசு கொடுத்து வாங்குகிறவருக்குத் தெரியாத சில செலவுகள் எனக்குத் தெரியும்.

## எதை வைத்து எடை போடுவது

உள்ளே என்ன இருக்கிறது? நகை, பத்திரம், பணம் மூன்றும் ஆள் இல்லாத வீட்டில் இருக்கவே கூடாது. வங்கி லாக்கருக்கு வருட வாடகை 2,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் எந்தக் கேமராவையும்விட மலிவு. 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, வங்கியின் குறையாலோ ஊழியர் மோசடியாலோ லாக்கரில் இருப்பது போனால் வருட வாடகையின் 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. 2,500 ரூபாய் வாடகை என்றால் இரண்டரை லட்சம். அதற்கு மேல் நகை இருப்பவர்கள் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் கீழே போய்விட்டால் வீட்டில் மிஞ்சுவது டிவி, கேஸ் சிலிண்டர், கீசர், தண்ணீர் மோட்டார், பித்தளைக் குழாய்கள். இவற்றின் மொத்த மதிப்பை ஒரு தாளில் எழுதுங்கள். காவலுக்குச் செலவழிக்கும் தொகை அதைத் தாண்டினால் கணக்கு எங்கோ உதைக்கிறது.

வருவது யார்? சமவெளியில் இதற்குத் திருடன் என்று ஒரே பதில். இங்கே மூன்று பேர்: திருடன், கரடி, மழை. என் ஆணியில் தொங்கும் ஏழு வீடுகளில் இதுவரை அதிகம் சேதம் செய்தது மழை. அப்புறம் கரடி. திருடன் கடைசி.

யார் போவார்கள், எத்தனை நிமிடத்தில்? என்னைக் கேட்டால் மற்ற எல்லாக் கேள்வியும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் இது ஒன்றே இரண்டு பங்கு. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர் மலைப்பாதை, பகலிலேயே ஒரு மணி நேரம். கோவையில் உட்கார்ந்து திருடனைப் போனில் பார்க்கிற வீட்டுக்காரர் ஏறி வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் வேலை முடிந்து திருடன் டீ குடித்துவிட்டுப் போயிருப்பான்.

கரண்ட், நெட், மூடுபனி. எங்கள் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஊட்டி, கூடலூர் பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்கு. காற்றில் மரம் கம்பியின் மேல் சாய்ந்தால் எஸ்டேட் ஓரத்து வீடுகளுக்கு மறுநாள்தான் வெளிச்சம். 2009 நவம்பர் மழையில் மண்சரிவு பாதைகளையே அறுத்துப் போட்டது. கருவி அதிகம் தேவைப்படுகிற ராத்திரியில்தான் அதற்குக் கரண்ட் இருக்காது.

ஐந்து வருடச் செலவு. கடைக்காரர் சொல்வது முதல் நாள் விலை. மாத ரீசார்ஜ், பேட்டரி, ஆள் ஏறி வரும் கூலி எல்லாம் சேர்த்துத்தான் நான் கீழே கணக்குப் போட்டிருக்கிறேன். தொகைகள் எங்கள் பக்கம் நடைமுறையில் கேட்டறிந்தவை. உங்கள் ஊரில் கொஞ்சம் கூடும், குறையும்.

## 1. பூட்டு, கிரில், வெளிச்சம், பக்கத்து வீட்டுச் சாவி

மலை வீடுகளில் முன்கதவு தேக்கில் இருக்கும், பித்தளைப் பூட்டு மின்னும். பின்கதவோ பழைய பலகை, உள்ளே ஒரு தாழ்ப்பாள். மனிதனும் சரி, கரடியும் சரி, முன்பக்கமாக வந்து நான் பார்த்ததில்லை. பின்கதவுக்கு வெளியே ஒரு இரும்புக் கிரில் கதவு, உள்ளே குறுக்கே ஒரு இரும்புப் பட்டை, ஆள் நடமாட்டத்துக்கு எரியும் சென்சார் விளக்கு இரண்டு, முன்கதவுக்கு நல்ல பூட்டு. எல்லாம் சேர்த்து 15,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடியும். மாதச் செலவு இல்லை. கரண்ட் போனாலும் இரும்பு இரும்புதான்.

இதோடு வாரம் ஒருமுறை ஆள் போய் வீட்டைத் திறக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் விட்டு, ஓட்டில் ஒழுகுகிறதா என்று பார்த்து, வாசலில் கிடக்கும் கடிதங்களையும் சருகையும் எடுத்துவிட்டு வந்தால் வீடு பூட்டிக் கிடப்பதே வெளியே தெரியாது. ஈரம் பிடித்து மெத்தை பூஞ்சை பூத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அந்த நஷ்டத்தைக் காட்டும் கேமரா எதுவும் கடையில் கிடைக்காது. இந்த வேலைக்கு ஆள் வைத்தால் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய். ஐந்து வருடத்துக்கு 60,000 முதல் 90,000 வரை ஆகிறது. பலர் இதைச் செலவாகவே கணக்கில் எடுப்பதில்லை, ஏனென்றால் என்னைப் போன்ற யாரோ தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு சும்மா செய்கிறோம்.

மறைந்திருக்கும் செலவு அந்த ஆள்தான். அவருக்குக் காய்ச்சல் வரும், மகள் வீட்டுக்குப் போவார், வயதாகும். ஒரே ஒருவரை நம்பிய ஏற்பாடு அவரோடு சேர்ந்து படுத்துவிடும்.

பக்கத்தில் கூப்பிடு தூரத்தில் வீடுகள் இருந்தால், ஹட்டிக்கு (படகர் ஊருக்கு) உள்ளேயோ டவுன் தெருவிலோ வீடு இருந்தால், இதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்பேன். வெளியூர் போவதைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அதற்குக் காசு கிடையாது.

## 2. வைஃபை கேமரா

இப்போது எல்லோரும் முதலில் வாங்குவது இதுதான். ஒன்று 2,000 முதல் 3,500 ரூபாய். நீங்களே மாட்டிக்கொள்ளலாம், போனிலேயே பார்க்கலாம், பேசக்கூடச் செய்யலாம். ஒரு வீட்டுக்காரர் பெங்களூரில் இருந்தபடி கேமரா ஸ்பீக்கர் வழியாகக் குரங்கைத் திட்டினார். குரங்கு கேமராவையே பிடுங்கிக்கொண்டு போனது.

இதன் முழு விலை பெட்டியில் அச்சடித்திருப்பது இல்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு யாரும் நெட் கட்டுவதில்லை. கேமராவுக்காகவே கட்ட வேண்டும். மாதம் 500 ரூபாய் திட்டம், வரியோடு 590. ஐந்து வருடத்துக்கு 35,400. இரண்டு கேமரா 6,000, மெமரி கார்டு 1,500, ரவுட்டருக்குக் குட்டி யுபிஎஸ் 1,500, நடுவில் ஒரு கேமரா ஈரத்தில் போய்விட்டால் இன்னொரு 3,000. கூட்டினால் 47,400 ரூபாய். ஆறாயிரத்துக்குப் பாதுகாப்பு என்று நினைத்து வாங்கியது இது.

சிம் போடும் கேமராவில் நெட் கட்டணம் மிச்சம் என்பார்கள். வீட்டு மொட்டை மாடியில் எந்தக் கம்பெனி சிக்னல் நிலையாக வருகிறது என்று போனை வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ரீசார்ஜ் தீர்ந்த சிம்மோடு மூன்று மாதம் சும்மா முறைத்துக்கொண்டிருந்த கேமராவை எனக்குத் தெரியும். வீட்டுக்காரர் அது வேலை செய்கிறது என்ற நம்பிக்கையிலேயே நிம்மதியாக இருந்தார்.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் கேமரா இங்கே எனக்கு ஒத்துவரவில்லை. மழைக்காலத்தில் நாள்கணக்கில் வெயில் முகம் தெரியாது. தலைகுந்தா மாதிரி உறைபனி விழும் இடங்களில் இன்னொரு சிக்கல்: லித்தியம் பேட்டரியைப் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது.

இனி ராத்திரிக்கு வருகிறேன். ஒரு கார்த்திகை மாதம், இரண்டு மணி இருக்கும். போன்.

"சார், தூங்கிட்டீங்களா? வாசல்ல யாரோ வெள்ளையா நிக்கிற மாதிரி இருக்கு சார். அசையுது."

ஸ்வெட்டர், மப்ளர், டார்ச். வீட்டுக்காரி தடுத்தும் கிளம்பினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே அந்தப் பாதையில் இருநூறு அடி. மூடுபனியில் டார்ச் வெளிச்சம் என் கைக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. போய்ப் பார்த்தால் வாசலில் யாரும் இல்லை. கேமரா கண்ணாடிக்குக் குறுக்கே ஒரு சிலந்தி இழை, அதில் பனித்துளி கோத்துக் காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது. சட்டை நுனியால் துடைத்தேன். பாக்கெட்டில் போன் மறுபடி அடித்தது: "சார், இப்ப ஒரு பெரிய கை தெரியுது சார்!"

இரவில் கேமரா தன்னுடைய அகச்சிவப்பு விளக்கின் வெளிச்சத்தில்தான் பார்க்கிறது. அந்த விளக்கு லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பனித்துளியிலும் சிலந்தி நூலிலும் பட்ட வெளிச்சம் நேரே திரும்பி வந்து படத்தை வெள்ளையாக்கிவிடும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கேமராவிலிருந்து பத்தடி தள்ளிப் பக்கவாட்டில் ஒரு சாதாரண எல்இடி விளக்கு எரியவிட்டு, கேமராவின் சொந்த விளக்கை அணைத்துவிட்டால் மூடுபனியிலும் ஓரளவு தெரியும். வாரம் ஒருமுறை துணியால் துடைக்க வேண்டும். ஆக, இதற்கும் ஒரு ஆள் போகத்தான் வேண்டும்.

வைஃபை கேமரா யாருக்குச் சரி? வீட்டில் ஏற்கெனவே நெட் இருப்பவர்களுக்கு. வாடகைக்கு விட்டு, யார் எப்போது வந்தார்கள் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு (வெளி வாசலில் மட்டும், அறைக்குள் வைப்பது குற்றம்). அப்பா அம்மா தனியாக இருக்க, பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் வீட்டுக்கு. அங்கே உள்ளேயே பதில் சொல்ல ஆள் இருக்கிறது.

## 3. ஒயர் இழுத்த சிசிடிவி

நாலு கேமரா, படத்தைப் பதிந்து வைக்கும் டிவிஆர் பெட்டி, ஹார்டு டிஸ்க், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய் வாக்கில் வரும். நெட் போனாலும் பதிவு ஓடும், பாஸ்வேர்டு மறந்தாலும் ஓடும். தரத்தில் வைஃபை கேமராவைவிட ஒரு படி மேல்தான்.

செலவுக் கணக்கில் போனில் பார்க்க வேண்டுமானால் அதே 35,400 ரூபாய் நெட். வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் ஏறி வந்தால் தடவைக்கு 500 வீதம் 5,000. நடுவில் ஒரு ஹார்டு டிஸ்க் 4,500. மொத்தம் 70,000-ஐத் தொடுகிறது. இன்வர்ட்டர் இல்லாத வீடு என்றால் இன்னும் 20,000.

இன்வர்ட்டரைத் தவிர்க்க முடியாது. டிவிஆர், நாலு கேமரா, ரவுட்டர் எல்லாம் சேர்ந்து 45 வாட் இழுக்கும் என்று வையுங்கள். சின்ன யுபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. 150 ஆம்பியர் இன்வர்ட்டர் பேட்டரி, வேறு எதுவும் ஓடாவிட்டால், ஒரு நாள் தாங்கும். எங்கள் பக்கம் மரம் விழுந்த கரண்ட் வர ஒரு நாள் என்று சொன்னேன் அல்லவா, கணக்கு அங்கேதான் சரியாக உட்காருகிறது.

இடியை மறந்துவிடாதீர்கள். சித்திரை, வைகாசிக் கோடை இடியில் நீளமாக இழுத்த ஒயர் வழியாக மின்னதிர்ச்சி உள்ளே வந்து டிவிஆரின் எட்டு வாயில் ஐந்து கருகிப்போன பெட்டி ஒன்று இன்னும் என் பரணில் இருக்கிறது. எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். மாட்டிக் கொடுத்த ஆள் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு, "வாரண்டியில இடி வராது சார்" என்றார்.

இன்னும் நாலு விஷயம் வேகமாக. டிவிஆர் பெட்டியை டிவிக்குக் கீழே வைக்காதீர்கள், திருடன் அதைத்தான் முதலில் தூக்குவான், பரணில் மறையுங்கள். ஒரு டிபி டிஸ்க்கில் நாலு கேமராவின் பதிவு பத்து நாள் முன்னே பின்னேதான் நிற்கும். தீபாவளிக்கு வந்து ஆயுத பூஜை அன்று நடந்ததைத் தேடினால் இருக்காது. மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள், மாட்டியவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் சிசிடிவி கேமராக்களுக்கு அரசின் சைபர் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாகியிருக்கிறது. திடீரென்று பாதி விலைக்குத் தரும் பழைய சரக்கு ஏன் மலிவு என்று யோசித்துவிட்டு வாங்குங்கள்.

இதெல்லாம் சரியாகச் செய்த வீட்டில்தான் கரடி வந்தது. முன்வாசல் கேமராவும் கேட்டுக் கேமராவும் காலி ரோட்டை ராத்திரி முழுவதும் தெளிவாகப் பதிந்து வைத்திருந்தன. கரடி பின்னால் தேயிலைச் சரிவில் இருந்து ஏறி வந்து, சமையலறைக் கதவின் கீழ்ப்பலகையைப் பிய்த்து நுழைந்திருக்கிறது. காலையில் நான் போனபோது கூடத்தில் டிவி அப்படியே இருந்தது. சமையலறையில் கடலை எண்ணெய் டின்னில் பல் பதிந்த இரண்டு ஓட்டை, தரை முழுக்க எண்ணெய், அதில் மனிதக் காலடி போலவே நீளமான தடம், நுனியில் மட்டும் நகக்கீறல். வெல்லம் வைத்திருந்த எவர்சில்வர் டப்பா நசுங்கி வாசற்படியில் கிடந்தது. கோத்தகிரிக்காரர்களுக்கு இது புதிதில்லை, விளக்கெண்ணெய்க்காகக் கோயில் கதவையே கரடி பிய்த்த ஊர் இது. அன்றிலிருந்து பூட்டும் வீட்டில் எண்ணெய், நெய், வெல்லம், மாவு ஒரு கைப்பிடிகூட வைக்க விடுவதில்லை நான். இதற்கு ஆன செலவு பூஜ்யம். வேலியில் வீட்டுக் கரண்டை விடலாமா என்று ஒருவர் கேட்டார். அது குற்றம், மனிதனும் சாவான்.

சிசிடிவி யாருக்கு? தோட்டத்தோடு சேர்ந்த பெரிய வீடு, வேலையாட்கள் வந்து போகும் இடம், கடையும் வீடும் சேர்ந்த கட்டடம். நடந்ததை அப்புறம் நிரூபிக்க வேண்டிய இடங்கள். நடக்காமல் தடுக்க இதை நம்பாதீர்கள். கேமராவைத் தேயிலை பறிக்கும் பெண்கள் நடக்கும் பாதைப் பக்கம் திருப்பி வைத்துச் சண்டை வாங்கிக்கொண்டவரும் இங்கே உண்டு.

## 4. கத்தும் அலாரம்

கதவு திறந்தால் தெரிவிக்கும் காந்த சென்சார், உடல் சூட்டை உணரும் சென்சார், ஒரு ஹூட்டர், சிம் போட்ட பெட்டி. யாராவது நுழைந்தால் ஊரைக் கூட்டும், நாலைந்து எண்ணுக்குப் போன் அடிக்கும். 15,000 ரூபாயில் நல்ல செட் கிடைக்கும். சிம்முக்கு வருடம் 2,000, பேட்டரிக்கு நடுவில் 2,000. ஐந்து வருடத்துக்கு 27,000. நெட் வேண்டாம், பேட்டரியில் பல மணி நேரம் நிற்கும். கேமராவைவிட இது எனக்குப் பிடிக்கும். படம் காட்டி யோசிக்க வைக்காது, கதவு திறந்தால்தான் கத்தும். சூடு உணரும் சென்சாரை வீட்டுக்கு உள்ளே மட்டும் வையுங்கள். வெளியே வைத்தால் காட்டெருமை கடக்கும் ஒவ்வொரு ராத்திரியும் திருவிழாதான்.

கரடிக்குகூட ஹூட்டர் சத்தம் ஓரளவு வேலை செய்யும் என்று தோன்றுகிறது. ஒரு வீட்டில் பின்கதவு பாதி பிய்ந்த நிலையில் நின்றிருந்தது, உள்ளே எதுவும் தொடப்படவில்லை.

ஆனால் கேட்பதற்குக் காது வேண்டும். நாலு ஏக்கர் தேயிலைக்கு நடுவில் தனியாக நிற்கும் பங்களாவில் ஹூட்டர் கத்தினால் கேட்பது மயில்கூட இல்லை. கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்கும் வீட்டுக்கும், வயதானவர்கள் தனியாகத் தங்கும் வீட்டுக்கும் (கட்டிலோரம் ஒரு அவசர பட்டனோடு) இதுதான் என் முதல் தேர்வு.

## 5. வருடக் கட்டணக் கண்காணிப்பு

அலாரம் அடித்தால் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பார்த்து உங்களுக்கும் காவல் நிலையத்துக்கும் போன் செய்வார். ஒரு வீட்டுக்காரருக்கு வந்த விலைப்பட்டியலைப் பார்த்தேன்: கருவி 20,000, வருடம் 9,000, வரி தனி. ஐந்து வருடத்துக்கு 73,000-க்கு மேல். ஒப்பந்தத்தைப் பிரித்து, ஒரே ஒரு வரியைத் தேடினேன். சம்பவ இடத்துக்கு உங்கள் ஆள் வருவாரா, எத்தனை நிமிடத்தில்? இருந்தது இதுதான்: "வாடிக்கையாளர் அளித்த உள்ளூர்த் தொடர்பு எண்ணுக்குத் தெரிவிக்கப்படும்." அந்த உள்ளூர்த் தொடர்பு எண் என்னுடையது!

பெரிய நகரங்களில் ரோந்து வண்டி அனுப்பும் சேவை உண்டு. அங்கே அந்தப் பணத்துக்கு அர்த்தம் இருக்கிறது. இங்கே ஆள் அனுப்புவதாக எழுத்தில் கொடுத்தால் மட்டும் கட்டுங்கள்.

## 6. காவலாள்

மாதம் 12,000 ரூபாய் என்றால் ஐந்து வருடத்துக்கு 7,20,000. அதுவும் ஒரு ஆள், ராத்திரி மட்டும். தனி வீட்டுக்கு இது கட்டாது. நாலைந்து வீடு சேர்ந்து வைத்தால் கட்டும். அதைவிட நல்லது, அவுட்ஹவுஸில் ஒரு குடும்பத்தை வாடகை இல்லாமல் தங்க வைப்பது. அடுப்புப் புகை தெரியும் வீட்டுக்குள் திருடன் நுழைவது அபூர்வம். பேச்சை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள், காவல் நிலையத்தில் விவரம் கொடுங்கள்.

காவலாள் என்றதும் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் நினைவு வருவது 2017 ஏப்ரலில் கொடநாடு எஸ்டேட்டில் நடந்தது. காவலாளி ஒருவர் உயிரிழந்தார். இருட்டில் ஒரு மனிதனைத் தனியாக நிறுத்துகிறோம் என்றால் அவனுக்கு ஒரு துணை, ஒரு விளக்கு, சார்ஜ் உள்ள ஒரு போன், ஓடி ஒளிய ஒரு பூட்டும் அறை கொடுக்க வேண்டும். அதற்குக் காசில்லை என்றால் ஆள் வைக்க வேண்டாம்.

நாய் வளர்க்கலாமே என்பார்கள். வெளியே கட்டிய நாய் சிறுத்தைக்குச் சாப்பாடு. அவ்வளவுதான்.

## ஒரே பார்வையில்

| வழி | ஐந்து வருடச் செலவு (ரூ.) | கரண்ட் போனால் | ராத்திரி யார் போவது | எந்த வீட்டுக்கு |
|---|---|---|---|---|
| பூட்டு, கிரில், வாராந்திர ஆள் | 15,000–20,000. ஆளுக்குக் கூடுதலாக 60,000–90,000 | மாற்றமில்லை | தேவை குறைவு | கூப்பிடு தூரத்தில் அக்கம்பக்கம் உள்ள வீடு |
| வைஃபை கேமரா 2 | சுமார் 47,000 | ரவுட்டர் கொஞ்ச நேரம், கேமரா நின்றுவிடும் | சாவி வைத்திருப்பவர், அடிக்கடி | ஆள் இருக்கும் வீடு, வாடகை வீடு |
| ஒயர் சிசிடிவி 4 | 70,000. இன்வர்ட்டரோடு 90,000 | இன்வர்ட்டரில் ஒரு நாள் | சாவி வைத்திருப்பவர் | தோட்ட வீடு, கடை வீடு |
| சிம் அலாரம் | சுமார் 27,000 | பல மணி நேரம் நிற்கும் | அக்கம்பக்கத்தார் | முதியவர் தனியாக உள்ள வீடு, தெரு வீடு |
| கட்டணக் கண்காணிப்பு | 73,000-க்கு மேல் | அலாரம் போலத்தான் | பெரும்பாலும் நீங்கள் கொடுத்த எண் | ஆள் வரும் உறுதி உள்ள ஊர் |
| காவலாள் | 7,20,000 | மாற்றமில்லை | அவரே | பல வீடு சேர்ந்து, பெரிய பங்களா |

## காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை

"இன்சூரன்ஸ் இருக்கு, எதுக்கு கேமரா" என்று சொல்லும் பலர் பாலிசியைப் படித்ததில்லை. 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான வீட்டுக் காப்பீடு தீ, புயல், வெள்ளம், மண்சரிவு எல்லாவற்றையும் ஏற்கிறது. மண்சரிவு இருப்பதால் மலைக்காரர்கள் அவசியம் எடுக்க வேண்டியது. ஆனால் திருட்டை அது தனியாக ஏற்காது. காப்பீட்டில் உள்ள ஒரு ஆபத்து நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் திருடு போனால் மட்டும்தான். சும்மா பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனித் திருட்டுப் பாலிசி வேண்டும், கதவை உடைத்த அடையாளம் வேண்டும். நாள்கணக்கில் ஆளில்லாமல் கிடக்கும் வீட்டுக்கு என்ன நிபந்தனை என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

## நான் என்ன சொல்லி அனுப்புகிறேன்

இப்போது சீசன் முடிந்து கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முதல் வருடம் பின்கதவுக் கிரிலும் விளக்கும் போடுங்கள், எண்ணெய் டின்னைக் காரில் ஏற்றுங்கள், நகையை லாக்கரில் வையுங்கள். இரண்டாவது வருடம் மனசு கேட்கவில்லை என்றால் அலாரம். கேமரா வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒன்று போதும், சமையலறைக் கதவைப் பார்த்த மாதிரி.

அதோடு எனக்கு ஒரு சட்டம் வைத்துக்கொண்டிருக்கிறேன். சாவிப் பலகையின் மேலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்: மாலை ஏழிலிருந்து காலை ஆறு வரை தனியாக நடந்து போவதில்லை. அவசரம் என்றால் 112-க்குப் போன் செய்யுங்கள். நான் போவதாக இருந்தால் மூலைக் கடை ஜீப்காரரைக் கூட்டிக்கொண்டுதான் போவேன், வாடகை 400 ரூபாய், கூப்பிட்டவர் கணக்கில். இதை எழுதி ஒட்டிய பிறகு ராத்திரிப் போன் பாதியாகக் குறைந்துவிட்டது.

இந்தப் புரட்டாசியில் எனக்கு 69 முடிகிறது. ஏழு பேருக்கும் சொல்லிவிட்டேன், இன்னொரு சாவி போட்டு அந்த ஜீப்காரரிடமும் கொடுத்து வையுங்கள் என்று. இரண்டு பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்ற ஐந்து பேர் அவர் நம்பிக்கையான ஆளா என்று என்னிடமே கேட்கிறார்கள்.